முன்னூத்தி அம்பது சிசி என்கிற கோடு

நெய்வேலி டவுன்ஷிப் ரோடுங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும், ரெண்டு பக்கமும் மரம். ஓட்டுறதுக்கு அப்படியொரு சுகம். ஆனா அதுல ஓடினதெல்லாம் சைக்கிள், மொபெட், ஸ்கூட்டர், கொஞ்சம் புல்லட். யார் புது வண்டி வாங்கினாலும் மொதக் கேள்வி ஒண்ணுதான்: "எவ்ளோ குடுக்குது?" மைலேஜைத்தான் கேக்குறாங்க மக்களே, பவரை இல்ல :-)

இந்தக் கேள்வி சாகடிச்ச ஒரு வண்டியைப் பத்தித்தான் மொதல்ல சொல்லணும். ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி350-யை எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்துச்சு. 347 சிசி, ரெட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டிக்கு 39 குதிரைசக்தி. நம்ம ஊருக்கு அதை 30.5 ஆக்கினாங்க. அதுக்கும் பெட்ரோல் பத்தலைன்னு அப்புறம் 27. முன்சக்கரத்துல இருந்த டிஸ்க் பிரேக்கையும் கழட்டிட்டு டிரம் போட்டுட்டாங்க. வேகமான வண்டியில மிச்சம் பிடிக்க பிரேக்தானா கிடைச்சது?

அடுத்த வருஷமே ஓசூர்லேருந்து இண்ட்-சுசூகி. 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100. எல்லாம் 100 சிசி. மைலேஜ் கேள்விக்கு நல்ல பதில் வச்சிருந்த வண்டிங்க. ராஜ்தூத் 350 அந்தப் பத்தாண்டைத் தாண்டி நிக்கலை.

ஆனா சோழவரத்துல கதையே வேற. சென்னைக்கு வடக்கே, ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கிட்டிருந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு சோழவரம்தான் மெக்கா. அங்கே ஆர்டி350 ராஜா. காரணம் எளிமையானது. இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி கேம், வால்வுன்னு தலைவலி கிடையாது. சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஓட்டைகளோட உயரமும் அகலமும், சைலன்சரோட வடிவமும்தான் பவரை முடிவு பண்ணுது. கையில அரமும், மண்டையில மூளையும் இருக்கிற மெக்கானிக், ஒரு ஷெட்டுல உக்காந்தே ரோட்டு வண்டியை ரேஸ் வண்டி ஆக்கிடலாம். கம்பெனி தயவு வேண்டாம்.

இதே சமயத்துல இத்தாலிக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. நடுத்தர ரெட்டை சிலிண்டர்னா அவங்கதான். டுகாட்டியில ஃபாபியோ டாக்லியோனி வடிவமைச்ச பான்டா 500, மோட்டோ குஸ்ஸி வி50, லவெர்டா 500. பான்டாவை 600 ஆக்கி ரேஸுக்குத் தயார் பண்ணினதுதான் டிடி2. டோனி ரட்டர் அதை ஓட்டி 1981-லேருந்து 1984 வரை வரிசையா நாலு தடவை ஃபார்முலா 2 உலகப் பட்டம் வாங்கினார். லவெர்டா 500-க்குன்னே தனியா ஒரு கோப்பைப் போட்டியும் நடந்துச்சு.

ஆனா உள்ளூர்ல அவங்களுக்கு ஒரு தலைவலி. இத்தாலியில 350 சிசிக்கு மேல போனா வரி கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அதனால ஒவ்வொரு நல்ல 500-க்கும் ஒரு சோனி 350 தம்பியைப் பெத்துப் போட வேண்டியதாச்சு. குஸ்ஸி வி50-க்கு வி35. பான்டாவுக்கு 350 எக்ஸ்எல். சட்டமும் உடம்பும் அதேதான், மூச்சு மட்டும் கம்மி. இன்ஜினியர் போட வேண்டிய கோட்டை வரி ஆபீசர் போட்டா இப்படித்தான் ஆகும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1955-ல மெட்ராஸ்ல புல்லட் கட்ட ஆரம்பிச்ச ராயல் என்ஃபீல்டு, 2017 நவம்பர்ல ஒரு ரெட்டை சிலிண்டர் 650-ஐ உலகத்துக்குக் காட்டுச்சு. எங்கே? இத்தாலியில, மிலான் கண்காட்சியில! இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடின்னு ரெண்டு மாடல். 648 சிசி, 47 குதிரைசக்தி. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இதோட கிராங்க் 270 டிகிரி. அதாவது ரெண்டு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்துல நின்னாலும், வெடிக்கிற இடைவெளி டுகாட்டியோட 90 டிகிரி வி இன்ஜின் மாதிரியே. கண்ணை மூடிக் கேட்டா அந்தத் தாளம் புரியும். 2021-லேருந்து ஜிடி கப்னு இதுக்கே தனிப் பந்தயமும் வந்துடுச்சு. கோயம்புத்தூர்ல கரிவரதன் பேர்ல இருக்கிற டிராக்லயும் ஓடுச்சு. லவெர்டா கோப்பை நடந்து நாப்பது வருஷம் கழிச்சு நமக்கும் ஒண்ணு!

சந்தோஷப்பட்டு முடிக்கலாம்னா, வந்துடுச்சு பழைய கோடு. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப 350 சிசி வரை 28 சதவீதம், அதுக்கு மேல செஸ்ஸோட 31. வித்தியாசம் 3 சதவீதம்தான், தாங்கிக்கலாம். 2025 செப்டம்பர் 22-லேருந்து 350 வரை 18, அதுக்கு மேல 40. இடைவெளி 22 சதவீதம். தமிழ்நாட்டுலயே செஞ்ச வண்டியை ஏதோ சீமைச் சரக்கு மாதிரி தள்ளி வச்சாச்சு.

சாதாரண வேலையில இருக்கிறவன் சேத்து வச்சு வாங்குற வண்டிக்கு வரி குறைஞ்சது நல்லதுதான். அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்து லட்ச ரூபாய் டுகாட்டியும், அதே சம்பளக்காரன் லோன் போட்டு வாங்க நினைக்கிற 650-யும் ஒரே தட்டுல. டுகாட்டி வாங்குறவருக்கு அது பெருசாத் தெரியாது. லோன் போடுறவன்தான் மறுபடியும் ஒத்தை சிலிண்டருக்குத் திரும்புவான்.

1983-ல வாங்குறவன் கேட்ட கேள்வி ராஜ்தூத்தை முடிச்சுச்சு. இப்ப கேள்வி கேக்குறது அரசாங்கம். இத்தாலி அனுபவம் கண்ணு முன்னாடி இருக்கு. அங்கேயும் இதே 350-தான்!

உங்க ஊர்ல யார்கிட்டயாவது ஓடுற நிலைமையில ஆர்டி350 இருக்கா? சொல்லுங்க. வண்டிச் சத்தம் கேக்கவாவது வர்றேன் :-)