செம்பு வந்தது, பச்சைக்கல் போனது

கொங்கு மண்ணில் பாறைக்குப் பஞ்சமில்லை, செம்புக்குத்தான் பஞ்சம். ஆனாலும் கோபிசெட்டிபாளையத்துக்குத் தெற்கே, நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது, உடலில் மணிக்கற்கள் பதித்த செம்புக் கலவைப் புலி ஒன்று கிடைத்தது. அந்தச் செம்பு எங்கிருந்து வந்ததோ! வடக்கிலிருந்தும் வந்திருக்கலாம். கடல்வழியும் ஒன்று இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளஸ்', மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்குகளில் செம்பு, தகரம், ஈயத்தைச் சொல்கிறது. ஏறியவற்றில் மிளகு, முத்து, ஒளி ஊடுருவும் கற்கள்.

கல்லுக்குக் கொங்கில் குறையில்லை. காங்கேயம் பக்கத்துப் படியூரில், பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியில் மிஞ்சியது இடுக்குகளில் புகுந்து பெக்மடைட்டாக இறுகியது. அதில் விளைந்த ஆறுபட்டைப் படிகம்தான் பெரில் என்னும் பச்சைக்கல். அதற்கு நிறம் தருவது செம்பல்ல, துளி இரும்பு.

கடல்நீர்ப் பச்சையில் இருப்பதே உயர்ந்த பெரில் என்றார் ரோமானியர் பிளினி. இந்தியர்கள் ஸ்படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். கொடுமணலில் ஸ்படிகம் தாராளம். நல்லவேளை, அவர் ஊர்ப்பெயர் சொல்லவில்லை! விலையாக வந்த ரோமானிய வெள்ளிக் காசுகளோ 1842-இல் கோவை வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தன.

1798-இல் பாரிஸில் ஓர் ஐயம். மரகதத்துக்கும் பெரிலுக்கும் படிக வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று கனிமவியலாளர் ஆயி கேட்க, வோக்லான் என்ற வேதியியலாளர் இரண்டையும் ஆராய்ந்து புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். அதன் உப்பு இனித்தது; அதையொட்டியே முதலில் பெயரும் வைத்தார்கள். பின்னாளில் பெரிலியம் எனப்பட்ட அது நச்சு என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

படியூரில் 1819-20-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சுரங்கம் வெட்டி, ஒரே ஆண்டில் 2,196 கற்கள் எடுத்தார். மோதிரத்துக்குத்தான் அவை. அடுத்த நூற்றாண்டில் பெரிலியம் ஆய்வகத்துக்குள் நுழைந்தது. அதன்மீது ஆல்பா துகள்கள் மோதியபோது வெளிவந்ததை ஆராய்ந்து, 1932-இல் நியூட்ரானை அடையாளம் கண்டார் இயற்பியலாளர் சாட்விக்.

முசிறியில் ஒன்று இறங்க, மற்றது ஏறிய பழைய கூட்டாளிகள் கடைசியில் உலையில் சேர்ந்தார்கள். செம்பில் இரண்டு சதவீத அளவு பெரிலியம் கலந்தால் எஃகுபோல் உறுதி. தட்டினால் தீப்பொறி பறக்காது. எரிவாயு, எண்ணெய் ஆலைகளில் புழங்கும் சுத்தியல்கள், ஸ்பேனர்கள் பலவும் இந்தக் கலவையில் செய்தவை.

இந்தியச் சட்டத்தில் பெரில் நெடுங்காலம் அணுக் கனிமம். 2023 திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, மத்திய அரசு ஏலம் விடும் முக்கியக் கனிமங்களோடு சேர்த்திருக்கிறது.