வேலையை விட்டவர் எண்டு கருதப்படுவார்

அரச வேலையில் இருப்பவரை வெளியே அனுப்புவதற்கு எங்கட நாட்டில் ஒரு தனி வசனம் இருக்கிறது. வேலைநீக்கம் எண்டு எழுதமாட்டார்கள். 'பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படுவார்' எண்டு எழுதுவார்கள். வேலைநீக்கம் எண்டால் குற்றப்பத்திரம் வேண்டும், விசாரணை வேண்டும். விலகினார் எண்டால் ஒண்டும் தேவையில்லை. தானே கதவைச் சாத்திப்போட்டுப் போனவர் மாதிரி.

1980 ஜூலையில் இந்த வசனம் 40,000க்கும் மேற்பட்டவர்களின் சோற்றைப் பறித்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் இறங்கின. ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் மறியலில் நிண்ட சோமபால என்ற தொழிலாளி தாக்கப்பட்டு இறந்தார். ஜூலையில் அது பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் மேசைக்கு வரவில்லை. அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்தது, வேலைக்குத் திரும்பாதவர்கள் விலகியவர்களாகக் கருதப்படுவார்கள் எண்டது. ஆளும் கட்சியின் சங்கமான ஜாதிக சேவக சங்கமய வேலைநிறுத்தக்காரருக்கு எதிர்ப்பக்கத்தில் நிண்டது. வேலை இழந்தவர்களில் தற்கொலை செய்தவர்களும் இருந்தார்கள். மிச்சப்பேர் வேலையைத் திரும்பக் கேட்டும், பிறகு ஓய்வூதியத்தைக் கேட்டும் வருஷக்கணக்காக அலைந்தார்கள்.

இதற்கு முன்னாலேயே ஒரு தமிழ் எழுதுவினைஞர் வேறொரு கதவில் தட்டிப் பார்த்திருந்தார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் போக மறுத்ததால் 1962இல் கோடீஸ்வரனின் வருடாந்த சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவரை வேலையை விட்டுக் கலைக்கவில்லை, ஏறவேண்டிய சம்பளத்தை ஏறவிடாமல் பிடித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது: அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போடவே முடியாதாம். 1969இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், போடலாம் எண்டு சொன்னது. மொழிக் கேள்வியைத் தீர்க்காமல் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. 1972இல் புது அரசியலமைப்பு வந்ததோடு அந்தக் கேள்வி அப்படியே கிடப்பில் போனது.

இந்த இரண்டு கதைகளையும் நாங்கள் பழைய கதையாக வாசிக்கவில்லை. அன்புவழிபுரத்திலிருந்து படிக்கப் போகிற பிள்ளைக்கு ஊரோடு இருக்கிற வழிகள் கொஞ்சம்தான். ஒண்டு நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் வளாகமானது. மற்றது உயர் தேசிய டிப்ளோமா படிப்பிக்கிற ஏ.டி.ஐ. அது 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற நிறுவனங்களில் ஒண்டு. வெளிநாட்டில் 'சமுதாயக் கல்லூரி' எண்டு சொல்லுவதற்கு எங்கட பக்கத்தில் கிட்டவாக நிற்பது இதுதான்: வீட்டோடு இருந்து, குறைந்த செலவில், வேலைக்கான படிப்பு.

இப்படியான இடங்களில் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் நிரந்தரமானவர்கள் இல்லை. தற்காலிக உதவி விரிவுரையாளர் இருப்பார், வருகை விரிவுரையாளர் இருப்பார். முதலாமவருக்குக் கொஞ்ச மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். இரண்டாமவருக்கு எடுத்த மணித்தியாலத்துக்குக் காசு. திறைசேரி கையை இறுக்கினால் முதலில் வெட்டு விழுவது இவர்களுக்குத்தான். ஆனால் ஒருவரையும் 'நீக்கினார்கள்' எண்டு எந்தப் பேப்பரிலும் வராது. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அடுத்த தவணை நேரசூசியில் பேர் இல்லை. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தில் மேன்முறையீட்டுச் சபை ஒண்டு இருக்கிறதுதான். ஆனால் தானாக முடிந்த ஒப்பந்தத்தில் எதை எதிர்த்து மேன்முறையீடு செய்வது? தனியார் கம்பனித் தொழிலாளிக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்கிற இடத்தில், அவருடைய சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் வேலையை நிறுத்த ஏலாது. அரசே முதலாளியாக இருக்கிற இடத்துக்கு அந்தச் சட்டம் வராது.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 2012 ஜூலையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கலாநிதி நிர்மல் ரஞ்சித் தேவசிரி தலைவர். சம்பளத்தோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு எண்டும் கேட்டார்கள். அப்போது அரசு ஒதுக்கியது 2 வீதத்துக்கும் குறைவு. ஓகஸ்டில் அரசாங்கம் பல்கலைக்கழகங்களை மூடியது. செப்டெம்பரில் காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தார்கள். ஏறக்குறைய 100 நாளுக்குப் பிறகு ஒக்டோபரில் உடன்பாடு வந்தது. 6 வீதம் வரவில்லை. ஆனால் அந்த எண் தெருவுக்கு வந்தது, இண்டைக்கும் கல்வியைப் பற்றிக் கதைக்கிற எவரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

2021இல் பாடசாலை ஆசிரியர்களின் முறை. ஜூலை 8ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான போராட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் கைதாகி, தனிமைப்படுத்தல் எண்டு முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதோடு ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தினார்கள். 24 வருஷச் சம்பள முரண்பாட்டையும் தீர்க்கச் சொன்னார்கள். 100 நாள் கடந்து ஒக்டோபரில் திரும்பினார்கள். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024இலும் தெருவில் நிண்டார்கள்.

இரண்டு போராட்டமும் நியாயமானவை, நாங்கள் இரண்டின் பக்கமும்தான். ஆனால் இரண்டிலும் நடுவில் இருந்தது சம்பளமும் ஒதுக்கீடும். ஒப்பந்தம் முடிகிறவருடைய அடுத்த மாதம் அந்த மேசையின் நடுவுக்கு வரவில்லை.

இது எங்கட பிரச்சினை மட்டும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ சிற்றி கொலேஜ் பெரியதொரு சமுதாயக் கல்லூரி. 2021இல் வரவுசெலவில் ஓட்டை விழுந்தபோது நிர்வாகம் 163 முழுநேர ஆசிரியர்களுக்கு வேலைநீக்க முன்னறிவித்தல் கொடுத்தது. கலிபோர்னியாச் சட்டப்படி மார்ச் 15க்குள் கடிதம் கையில் இருக்கவேண்டும். யார் முதலில் போவது எண்டது சேவைமூப்பில் தீரும். சங்கம் பேரம் பேசியது. எல்லாரும் 4 தொடக்கம் 14 வீதம் வரை சம்பளத்தை விட்டுக்கொடுத்து, அந்த வருஷ வேலைநீக்கத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே, 2022 மே மாதம், 38 முழுநேர ஆசிரியர்களை நிர்வாகம் வெளியே அனுப்பியது. கொடுத்த சம்பளம் ஒரு வருஷத்தைத்தான் வாங்கித் தந்தது. ஆனாலும் அங்கே ஒரு தினம் குறித்திருந்தது, ஒரு வரிசை இருந்தது, எதிரில் இருந்து கதைக்க ஒரு சங்கம் இருந்தது. பகுதிநேர ஆசிரியர்களுக்கு அங்கேயும் அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. அடுத்த தவணைக்கு வகுப்புக் கொடுக்காமல் விட்டால் காணும்.

ஒப்பந்தக்காரருக்கு இதெல்லாம் சும்மா கிடைக்காது, சங்கம் கேட்டு எழுதி வாங்கவேண்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் எங்கட ஊர் விரிவுரையாளர் சங்கங்கள் சேர்க்கவேண்டியதும் அதுதான்: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதெண்டால் மூன்று மாதம் முன்னதாகக் காரணத்தோடு ஒரு கடிதம், இடம் திரும்ப வரும்போது முதலில் கூப்பிடவேண்டியவர்களின் வரிசை, மேசையில் தற்காலிகமானவர்களுக்கும் ஒரு கதிரை. இலங்கைத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். சில திணைக்களங்களில் தற்காலிகமானவர்கள் அதைவிடக் கூட.

மாணவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பாதியில் ஆசிரியர் மாறினால் பாடம் பாதியில் நிற்கிறது, எங்கட டிப்ளோமா பிந்துகிறது. புதுத் தவணைக்கு நேரசூசி ஒட்டும்போது போன தவணைப் பேர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பேர் காணாமல் போயிருந்தால், அவர் ஏன் இல்லை எண்டு திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். 'அவர் விலகிவிட்டார்' எண்டு பதில் வந்தால், விலகல் கடிதம் எங்கே எண்டும் கேளுங்கள்.