ஆன்டிபாடி முதலில், புரதம் பிறகு

வரப்புல நண்டு வளை விழுந்தா வயல்ல தண்ணி நிக்காதுன்னு மன்னார்குடியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடலின் உட்சுவரிலும் செல்களுக்கு நடுவே இப்படி ஒரு வரப்பு உண்டு. 1963-ல் ஃபார்க்கரும் பலாடேவும் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்கள். ஆனா அதில் என்ன புரதம் இருக்குன்னு இருபது வருஷத்துக்கு மேல தெரியல.

1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து தயாரிக்க வழி கண்டார்கள். 1986-ல் ஸ்டீவன்சன் குழு, சுண்டெலிக் கல்லீரலின் இணைப்புச் சவ்வுகளுக்கு எதிராக அப்படி ஆன்டிபாடிகளை உருவாக்கியது. அதில் ஒன்று சரியா வரப்பில் போய் ஒட்டியது. அது பிடித்த புரதம்தான் இசட்ஓ-1.

இசட்ஓ-1 செல்லுக்கு உள்ளே நிற்கும் முட்டு. சவ்வைத் தாண்டி வெளியே நீளும் ஆக்லூடினை, 1993-ல் ஜப்பானில் ட்சுகிடா குழு இதே வழியில் கோழிக்குஞ்சுக் கல்லீரலில் கண்டுபிடித்தது. இன்னைக்கு இசட்ஓ-1 ஆன்டிபாடியைக் குப்பியில் வாங்கி, வரப்பு எங்கே உடைஞ்சிருக்குன்னு ஆய்வகங்களில் பார்க்கிறார்கள்.