டிக்கெட் இல்லாமல் ரயிலில் சிக்கினால் ஜெயிலா? ஃபைன் கட்டினாலே 'கேஸ்' ஆகிவிடுமா? சட்டம் சொல்வது என்ன?

கவுன்ட்டரில் நீளமான வரிசை. பிளாட்பாரத்தில் ரயில் கிளம்பத் தயார். 'அடுத்த ஸ்டேஷன்தானே, பார்த்துக்கலாம்' என்று ஏறிவிடுகிறீர்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கருப்பு கோட்டில் டிடிஆர் வந்து நிற்கிறார். அந்த நொடியில் பலருக்கும் தோன்றுவது 250 ரூபாய் போகுமே என்ற கவலை மட்டுமல்ல. 'கேஸ் போட்டுடுவாங்களா? நாளைக்கு அரசு வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தா சிக்கலாகுமா?' என்ற பயமும்தான். டிஎன்பிஎஸ்சி, ரயில்வே தேர்வு என்று படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம்.

இந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. மீதிப் பாதி நியாயமானது. எது எந்தப் பாதி என்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் இரண்டு பிரிவுகளைப் பார்த்தால் புரிந்துவிடும். அவை 137 மற்றும் 138.

138: காசு கட்டினால் முடிந்தது

'வித்தவுட்'டில் பிடிபடும் பெரும்பாலானவர்களிடம் வசூலிக்கப்படுவது 138-வது பிரிவின் கீழ்தான். டிக்கெட் இல்லாமல் பயணிப்பது, கேட்டவுடன் டிக்கெட்டைக் காட்டாமல் இருப்பது, எடுத்த ஊரைத் தாண்டிப் போவது, குறைந்த வகுப்பு டிக்கெட்டில் மேல் வகுப்பில் உட்காருவது எல்லாமே இதில் வரும்.

இதற்கு இரண்டு தொகைகளைக் கட்ட வேண்டும். ஒன்று, நீங்கள் பயணித்த தூரத்துக்கான கட்டணம். மேல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலோ, ஊரைத் தாண்டிப் போயிருந்தாலோ வித்தியாசத் தொகை. இன்னொன்று, கூடுதல் கட்டணம். அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது.

சென்னை புறநகர் ரயிலில் 5 ரூபாய் டிக்கெட் எடுக்காமல் விட்டால் 5 + 250, மொத்தம் 255 ரூபாய். அதுவே டிக்கெட் விலை 400 ரூபாய் வரும் தூரப் பயணம் என்றால் 400 + 400, மொத்தம் 800 ரூபாய். 'ஃபைன் 250 தானே' என்று நினைத்து எக்ஸ்பிரஸில் ஏறுபவர்கள் கணக்கில் ஏமாறுவது இங்கேதான்.

நாம் இதை 'ஃபைன்' என்று சொன்னாலும், சட்டம் இதற்கு வைத்திருக்கும் பெயர் கூடுதல் கட்டணம். நீதிமன்றம் விதித்த தண்டனை அல்ல இது. ரயிலிலேயே கட்டி, ரசீது வாங்கிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் மீது வழக்கு கிடையாது, குற்றவாளி என்ற பதிவும் கிடையாது.

ரசீது மிக முக்கியம். மீதிப் பயணத்துக்கு அதுதான் உங்கள் டிக்கெட். அடுத்த ஸ்குவாட் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். ரசீது இல்லாமல் 'நூறு ரூபா குடுத்துட்டு போப்பா' என்று யாராவது சொன்னால், அது ரயில்வேக்குப் போகும் காசு அல்ல. அவர் டிக்கெட் பரிசோதகர்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த ஊரில் ஏறினீர்கள்?

நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட முதல் நிலையத்தில் இருந்தே கட்டணம் கணக்கிடலாம். நடுவில் டிக்கெட் பரிசோதனை நடந்திருந்தால் கடைசியாகச் சோதித்த இடத்தில் இருந்து. அதாவது விழுப்புரத்தில் ஏறியவர் எழும்பூரில் இருந்து காசு கட்ட வேண்டி வரலாம்.

பிளாட்பார டிக்கெட் இருந்தால் ரயிலில் போகலாம் என்று சமூக வலைதளங்களில் ஒரு தகவல் சுற்றுகிறதே, அதன் பின்னணி இதுதான். பிளாட்பார டிக்கெட் பயண டிக்கெட் ஆகாது. எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்பதற்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான்.

உண்மையிலேயே உதவக்கூடிய வழி ஒன்று 55-வது பிரிவில் இருக்கிறது. டிக்கெட் எடுக்க முடியவில்லை என்றால், ஏறும் முன்பே டிடிஆரிடமோ கார்டிடமோ சொல்லி அனுமதி கேட்கலாம். பிறகு கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவர் சான்று கொடுத்தால், டிக்கெட் காசு மட்டும் போதும். 250 ரூபாய் கிடையாது. ஏறியபிறகு, அவர் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்வது இதற்கு ஈடாகாது. ஆனாலும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று காட்ட அது நிச்சயம் உதவும்.

137: இங்கேதான் கேஸ்

137-வது பிரிவில் ஒரு கூடுதல் வார்த்தை இருக்கிறது: ரயில்வேயை 'ஏமாற்றும் நோக்கத்துடன்'. அந்த நோக்கத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணித்தாலோ, ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட்டை மறுபடி பயன்படுத்தினாலோ அது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதோடு டிக்கெட் கட்டணமும் கூடுதல் கட்டணமும் தனியாக உண்டு.

நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மனசுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, நடந்துகொள்ளும் விதத்தைத்தான் பார்ப்பார்கள். டிடிஆரைப் பார்த்ததும் கழிவறையில் ஒளிவது, பொய்ப் பெயர் சொல்வது, நேற்றைய டிக்கெட்டை நீட்டுவது, வேறொருவர் சீசன் டிக்கெட்டைக் காட்டுவது எல்லாம் உங்களுக்கு எதிராகவே பேசும். அடுத்தவர் டிக்கெட்டில் பயணிப்பதற்குத் தனியாக 142-வது பிரிவே இருக்கிறது. 3 மாதம் வரை சிறை. டிக்கெட்டில் தேதியைத் திருத்தினால் 157-வது பிரிவு. மொபைலில் எடிட் செய்து போலி சீசன் டிக்கெட் தயாரித்தால், ரயில்வே சட்டத்தைத் தாண்டி பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடி, போலி ஆவணப் பிரிவுகள் வரை போகும். 5 ரூபாயை மிச்சம் பிடிக்க யாரும் எடுக்கக் கூடாத ரிஸ்க் இது.

டிடிஆரோடு மல்லுக்கட்டுவதும் அப்படித்தான். ரயில்வே ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தால் 146-வது பிரிவு, 6 மாதம் வரை சிறை. டிக்கெட் விவகாரம் 255 ரூபாயில் முடிந்திருக்கும். வாய்த்தகராறுதான் வழக்காக மாறியிருக்கும்.

கையில் காசே இல்லை என்றால்?

கட்ட மறுத்தாலோ கட்ட முடியாவிட்டாலோ, 138-வது பிரிவிலேயே அடுத்த படி இருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பித்து அந்தத் தொகையை அபராதம் போல வசூலிக்கலாம். அப்போதும் கட்டாவிட்டால் 10 நாளுக்குக் குறையாமல், ஒரு மாதம் வரை சிறை. 255 ரூபாய் இல்லாதவர்தான் சிறைக்குப் போகும் நிலையில் இருக்கிறார் என்பது இந்தச் சட்டத்தின் உறுத்தலான பகுதி. வீட்டுக்கு போன் போட்டு யுபிஐ மூலம் பணம் வரவழைக்க முடியுமா என்று பாருங்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் கேளுங்கள்.

ரயிலில் இருந்து இறக்கிவிடவும் 139-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்களையும் குழந்தைகளையும் நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர்கள் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகிய இடங்களில் மட்டும், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். ராத்திரி 11 மணிக்கு ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் 'இறங்கும்மா' என்று சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 139 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம், ரயில்வே உதவி எண்ணும் 139 தான்.

கோர்ட்டில் தலையாட்டும் முன்...

ஆர்பிஎஃப் கைது செய்தால், பயண நேரம் தவிர்த்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சில நேரம் ரயில் நிலையத்திலேயே மாஜிஸ்திரேட் செக்கிங் நடக்கும். அங்கே எல்லாம் வேகமாக நடக்கும். 'குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?' என்று கேட்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று பலரும் தலையாட்டிவிட்டு அபராதம் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

வெரிஃபிகேஷன் பற்றிய பயம் நியாயமாவது இந்த இடத்தில்தான். ரயிலில் கட்டிய 250-ம் கோர்ட்டில் கட்டிய 500-ம் ஒன்றல்ல. கோர்ட்டில் 137-வது பிரிவின் கீழ் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது குற்றத் தீர்ப்பு. ஒப்புக்கொண்ட பிறகு 'நான் செய்யவே இல்லை' என்று மேல்முறையீடும் செய்ய முடியாது. தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்பதை மட்டுமே கேட்கலாம்.

ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்றால், அதை அங்கேயே சொல்லலாம். எந்தப் பிரிவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமையும் உண்டு. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. பிடிபட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், அவரது விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. வேலை போச்சா? அப்படி முடிவு கட்ட வேண்டாம். 2016-ல் அவதார் சிங் வழக்கில், சிறு வயதில் செய்த அற்பமான குற்றங்களை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, விண்ணப்பத்தில் கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. 500 ரூபாய் அபராதத்தைவிட, அதை மறைத்து 'இல்லை' என்று டிக் அடிப்பதுதான் வேலைக்கு உலை வைக்கும். சீருடைப் பணிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

டிக்கெட் எடுத்தும் சிக்குபவர்கள்

சார்ட் தயாரான பிறகும் முழுவதும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருக்கும் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் 'வித்தவுட்' கணக்குதான். கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் என்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் போகலாம். ஆன்லைன் முன்பதிவு டிக்கெட்டில் போகும்போது ஒரிஜினல் அடையாள அட்டை ஒருவரிடமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

மொபைல் ஆப்பில் எடுத்த பேப்பர்லெஸ் டிக்கெட்டை ஆப்பிலேயே திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. 'சார்ஜ் தீர்ந்துடுச்சு சார்' என்ற பதிலும் செல்லாது. டிடிஆரைப் பார்த்தபிறகு ஆப்பைத் திறந்து டிக்கெட் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ரயிலில் ஏறும் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, எடுத்த நேரம் டிக்கெட்டிலேயே தெரியும்.

2025 ஏப்ரலில் இருந்து சென்னை கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் ஏசி புறநகர் ரயில் ஓடுகிறது. சாதாரண டிக்கெட்டோ, சாதாரண சீசன் டிக்கெட்டோ அதில் செல்லாது. வெயிலுக்கு இதமாக ஏறி உட்கார்ந்துவிட்டால் கட்டண வித்தியாசத்தோடு 250 ரூபாயும் சேரும். கதவு மூடுவதற்குள் கவனித்து இறங்கிவிட்டால் தப்பித்தீர்கள். இல்லை என்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பின்னால் வரும் வண்டியைப் பிடியுங்கள்.