கண்ணாடியின் மறுபுறம்: சொன்னராவின் தீர்ப்பும் காட்டுக்கோழியின் கழுத்தும்

காட்டிலும் ஏரிக்கரையிலும் நேரில் கண்டு குறிப்பெடுத்த செடியையும் பறவையையும் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டும் இக்கால ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது, கூர்ந்து நோக்கும் பழக்கம் மேனாட்டு இயற்கை சாஸ்திரத்திற்கு உரியது, கண்ணாடிப் படமோ அலங்காரத்திற்கு மேல் ஒன்றும் அறியாதது, இவ்விரண்டும் இப்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கின்றன என்ற அபிப்பிராயம் எளிதில் எழுகிறது. இந்த அபிப்பிராயத்தின் மூலபுருஷராக நான் கருதுவது, புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த இயற்கை நூலறிஞர் பியேர் சொன்னராவையே.

அவர் 1774 முதல் 1781 வரை கீழ்த்திசையில் செய்த பிரயாணத்தின் வரலாறு 1782இல் பாரிஸில் வெளியாயிற்று. இந்தியரின் ஓவியம் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது, இனியும் அப்படியே இருக்கும் என்பது அந்நூலில் அவர் அளித்த தீர்ப்பு. சிவப்பும் நீலமும் பொன்னும் நிறைந்திருந்தால் இவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள், ஒளிநிழல் வேறுபாடும் தூரத்தைக் காட்டும் முறையும் இவர்களுக்குத் தெரியாது என்பன அவர் காட்டிய காரணங்கள். ஓவியம் அனைத்தையும் பற்றிய இக்கூற்று கண்ணாடிப் படத்திற்கு மட்டும் உரியதன்று. ஆயினும் தட்டையான வண்ணமும் தங்க ரேக்கும் மிகுந்த கண்ணாடிப் படத்தின் மீதே இது மற்ற எதையும்விட அதிகமாகப் படிகிறது.

இத்தீர்ப்பைச் சொன்னராவின் நூலைக் கொண்டே சோதிக்கலாம். அவர் வெளியிட்ட தாவரப் படங்களில் செடி வெற்றுத்தாளின் நடுவே நிற்கிறது. அதன் பின்னே வானமும் இல்லை, தொலைவும் இல்லை. செப்புத்தகட்டில் கீறிய கோடுகள் ஓரளவு நிழல் காட்டுவது உண்மையே. ஆனால் ஓர் இனத்தை மற்றோர் இனத்தினின்று பிரித்தறிவதற்கு வேண்டிய அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்புலம் முழுவதையும் துறந்துவிடுவது இயற்கை நூற்படத்தின் இலக்கணமாதலால், இந்திய ஓவியனிடம் குறையெனக் கண்ட ஒன்றைத் தம் தொழிலில் அவரே விதியாகக் கொண்டிருந்தார் என்று சொல்வதில் பிழையில்லை. நேரில் காண்பதில் அவர் மாசற்றவர் என்றும் கொள்ள இயலாது. 1776இல் வெளியிட்ட நியூகினி பிரயாண நூலில் பெங்குவின்களை அந்நாட்டுப் பறவைகளாக அவர் வரைந்து வைத்தார். நியூகினியில் பெங்குவின் கிடையாது. அப்பிழையின் வடுவாக, தென்துருவத்தை அடுத்து வாழும் ஒரு பெங்குவின் இனத்தின் சாஸ்திரப் பெயரில் 'பாப்புவா' என்ற சொல் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எனினும் அவருடைய சாம்பல் காட்டுக்கோழியைக் குறித்துச் சற்று நிதானமாக எழுத வேண்டும். 1782ஆம் ஆண்டு நூலில் அவர் விவரித்த இப்பறவைக்கு 1813இல் பறவை நூலறிஞர் தெம்மிங்க் சொன்னராவின் பெயரையே சூட்டினார். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று சொன்னரா கருதியதை டார்வின் மறுத்தார். ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இப்பறவையிடமிருந்தே வந்ததென 2008இல் நிறுவப்பட்டது. நம் விசாரணைக்குப் பிரதானமானது இச்சேவலின் கழுத்து. அங்குள்ள இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் அரக்குத்துளி போன்ற மஞ்சள் தகடு பளபளக்கும். பெடைக்கு இது இல்லை. சேவலும் இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி அவ்விறகுகளை உதிர்த்து மங்கிய இறகுகளை அணிந்துகொள்ளும். தாளில் வரைபவன் சாம்பல் நிறத்தைப் பரப்பிவிட்டு இறுதியில் மஞ்சளைப் புள்ளியிட்டு முடிக்கலாம். கண்ணாடியிலோ, பார்ப்பவருக்கு மிக அண்மையில் தோன்ற வேண்டிய அந்தப் புள்ளியைத்தான் முதலில் வைத்து, உலரவிட்டு, அதன்மேல் இறகையும் உடலையும் கடைசியாகப் பின்புலத்தையும் பூச வேண்டும். முதலில் வைத்தது பிழையானால் பின்னர் மறைக்க வழியில்லை. எனவே எந்த அடையாளம் இன்றியமையாதது, எந்தப் பருவத்தில் அது பறவையிடம் உள்ளது என்று தூரிகையைத் தொடுமுன்பே நிச்சயித்துக்கொள்ளாதவனால் இக்கோழியைக் கண்ணாடியில் சரியாகத் தீட்ட முடியாது. களத்தில் கற்கும் ஒழுங்கு இத்தொழிலின் உள்ளேயே இருக்கிறது.

பழைய ஓவியர் இவ்வொழுங்கை உணர்ந்திருந்தனரா என்ற வினாவுக்குச் சான்று மெலிந்தது. ஆயினும் அழுத்தியே சொல்கிறேன். தஞ்சைப் பாணிக் கண்ணாடிப் படங்களில் பெண்ணின் கையில் அமர்ந்த கிளியை வெறும் சிருங்கார அலங்காரம் என்று ஒதுக்கக்கூடாது. அதன் கழுத்து வளையமும் செவ்வலகும் பச்சைக்கு முன்னரே கண்ணாடியில் ஏற வேண்டியவை. ஆணுக்கே உரிய வளையத்தை எங்கே இடுவதென்று அறிந்த கை, கிளியைக் கண்டறிந்த கைதான். மரபாகக் கைமாறி வந்த உருவம் அது என்று மறுப்போர் உண்டு. அம்மரபைத் தொடங்கியவன் ஒரு காலத்தில் கிளியைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் விடை.

கண்ணாடியில் தீட்டும் இக்கலை சீனத்துக் கான்டன் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்த வரலாறு, கலை விமரிசகர் ஜயா அப்பாசாமி 1980இல் வெளியிட்ட நூலுக்குப்பின் யாவரும் அறிந்ததே. அது புதுச்சேரியை அடைந்த ஆண்டு மட்டும் நிர்ணயமாகவில்லை. 1761இல் ஆங்கிலேயர் பட்டணத்தை இடித்துத் தள்ளியதால், அதற்கு முற்பட்ட வீட்டுப் பொருள்களைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்குமேல் சொல்லத் துணியேன்.

பின்வந்தவற்றைச் சுருக்கமாகவே குறிக்கலாம். 1826இல் உருவான தாவரவியல் பூங்காவும், 1907இல் அர்ச்சிக்கப்பட்ட இருதய ஆண்டவர் ஆலயத்தில் புனிதர் உருவங்களைத் தாங்கி நிற்கும் வண்ணச் சாளரங்களும் ஒரே பட்டணத்தில் இருந்தும் ஒன்றையொன்று பாதித்ததாகத் தெரியவில்லை. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காடுகளில் திரட்டிய உலர்தாவரங்களைப் பெருந்தொகுப்பாகக் காத்து வருகிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் இளமையைக் கழித்து, சாந்திநிகேதனத்தில் ஓவிய ஆசான் நந்தலால் போஸிடம் பயின்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன், 1970களின் இறுதியில் கண்ணாடியின் பின்புறம் தீட்டத் தொடங்கினார். அவர் படங்களைக் கடைத்தெருக் கலையின் மறுபிறப்பாக மட்டும் காண்பது போதாது. இயற்கையை நாள்தோறும் நேரில் கண்டு வரைவதை வற்புறுத்திய நந்தலாலின் பயிற்சிக்கும் அவற்றில் பங்கு உண்டு என்பது என் துணிபு.

உலர்தாவரத் தாள் ஒவ்வொன்றிலும் செடி கிடைத்த இடம், நாள், பறித்தவர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும்; நம் பழைய கண்ணாடிப் படங்களுக்கு அத்தகைய குறிப்பு இல்லாமையாலேயே காலநிர்ணயம் இவ்வளவு இடர்ப்படுகிறது. ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ கண்ட பறவையைக் கண்ணாடியில் தீட்டும் இன்றைய ஓவியர்கள், படத்தின் பின்னட்டையில் அந்த இடத்தையும் நாளையும் தம் பெயரையும் மறவாமல் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.