வெள்ளிக் கரண்டியும் வினைஞர் பெயரும்

பழம்பொருள் ஒன்றில் ஒருவர் பெயர் காணப்படின், அதனைச் செய்தவர் அவரே எனக் கொள்ளுதல் இயல்பு. ஆயினும் அக்கொள்கை எப்போதும் பொருந்துவதன்று. செப்பேடுகளை ஆராய்வோர் இதனை நன்கறிவர். ஆங்கே கொடையளித்தோன் பெயர் வேறு. எழுத்து வெட்டியோன் பெயர் வேறு. பழைய ஆங்கில வெள்ளிக் கரண்டிகளைச் செய்தோர் யாவர் எனத் துணிவதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அதனை இலண்டன் நகரத்து ஹெஸ்டர் பேட்மன் என்னும் அம்மையாரின் முத்திரை கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் வெள்ளியின் தூய்மையைக் காக்க எழுந்த முத்திரை முறை மிகப் பழமையானது. சிறுத்தைத் தலை முத்திரை 1300-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தலைமைக் கொல்லர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அடையாளம் கொள்ளவேண்டும் என்பது 1363-இல் விதிக்கப்பட்டது. 1478-இல் ஆண்டெழுத்தும், 1544-இல் நடக்கும் அரிமாவும் சேர்ந்தன. ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி உண்டு என்பதற்கு அரிமாவே சான்று. 1784 திசம்பர் முதல் வரி செலுத்தியமைக்கு அறிகுறியாக அரசன் தலையும் பொறிக்கப்பட்டது.

ஆகவே கரண்டியின் காலத்தை முதற்கண் துணிதல் வேண்டும். பெயர் அதன் பின்னரே. ஆண்டெழுத்து மே மாதந்தோறும் மாறியமையின், ஓரெழுத்து ஈராண்டுகளைத் தொட்டு நிற்கும். எழுத்தின் வடிவமும் அதனைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் ஒருங்கே நோக்கற்பாலன. சிறு தேக்கரண்டிகள் பலவற்றில் ஆண்டெழுத்தே இராது; அரிமாவும் கொல்லர் அடையாளமுமே காணப்படும். அந்நிலையில் பொருளின் அமைப்பே துணையாகும். 1780-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை முத்திரைகள் காம்பின் அடியில், கிண்ணப் பகுதிக்கு அருகே இடப்பட்டன. பின்னர்க் காம்பின் நுனிப்பக்கம் சென்றன. குறுகிய அடிக்காம்பில் இட்டபின் மீண்டும் தட்டிச் சீர்செய்தமையால், முற்பட்ட முத்திரைகள் பல சிதைந்து தோன்றுகின்றன. அணிவேலையை நம்புதலும் தகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் எளிய கரண்டிகள் பலவற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பழமும் இலையுமாகப் புடைப்பு வேலை செய்தனர். முத்திரை முன்னோருடையது, அழகு பின்னோருடையது.

இனிப் பெயரைக் காண்போம். கொல்லர் தம் பழைய அடையாளங்களை நீக்கி, இயற்பெயர், குடிப்பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளால் புதியன பதிதல் வேண்டும் என 1739-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. அவை பொற்கொல்லர் கழகத்துப் பதிவேட்டில் ஏறின. எனினும் 1760-களைத் தழுவிய பெரும்பொருள் செய்வோர் பதிவேடு இன்று கிடைத்திலது. ஆதலின் அக்கால அடையாளங்கள் சிலவற்றிற்குப் பெயரிடுதல் ஊகமாகவே நிற்கின்றது. ஆர்தர் கிரிம்வேட் 1976-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு எஞ்சிய ஏடுகளை ஒழுங்குபடுத்தி, இவ்வாராய்ச்சிக்கு உறுதியான அடிப்படை தந்தது.

ஹெஸ்டர் பேட்மன் பிறந்தது 1708-இல். அவர்தம் கணவர் ஜான் பேட்மன் 1760-இல் மறைந்தார். தொழிற்கருவிகளை மனைவியார்க்கே விட்டுச் சென்றார். ஐம்பது அகவை கடந்த அவ்வம்மையார் 1761 ஏப்பிரலில் தம் அடையாளத்தைப் பதிந்தார். எச், பி என்னும் ஆங்கில எழுத்துகள் இரண்டும் கையெழுத்துப் போல வளைந்தமைந்தது அது. தம் பெயரை எழுத அறியாத ஒருவரின் பெயரெழுத்துகள், கைவண்ணம் போன்ற அவ்வடிவில் நிலைபெற்றமை எண்ணத்தக்கது. 1790-இல் அவர் தொழிலை விடுத்தார். அவ்வாண்டே பீட்டர், ஜானதன் என்னும் மைந்தர் இருவரும் புதிய அடையாளம் பதிந்தனர். 1791-இல் ஜானதன் மறையவே, அவர் மனைவி ஆனும் பீட்டரும் இணைந்து வேறொன்று பதிந்தனர். ஆதலின் அம்மையாரின் அடையாளமும் அதற்குப் பிற்பட்ட ஆண்டெழுத்தும் ஒரே கரண்டியில் காணப்படின், அஃது ஐயத்திற்குரியது.

1959-இல் டேவிட் சூர் எழுதிய நூல், தன் தலைப்பிலேயே இவரை ஆங்கில வெள்ளிக்கொல்லர்தம் அரசி எனப் போற்றியது. இப்புகழால் அவ்வடையாளம் தாங்கிய பொருளெல்லாம் அம்மையார் கையாலேயே ஆயினவெனக் கருதுவோர் பலராயினர். இக்கருத்துப் பொருந்தாது. அவர் நடத்தியது மைந்தரும் தொழில் பயில்வோரும் ஒருங்குழைத்த பட்டறை. தொடக்கத்தில் அது பிற கொல்லர்க்கும் கரண்டி முதலியன செய்தளித்தது; அவ்வாறு சென்ற பொருள்களில் பிறர் தம் முத்திரையை மேலே பொறித்தலும் உண்டு. எனவே பட்டறையின் பொருள் பிறர் பெயரில் நிற்றலும் கூடும். சட்டத்தின்படி அடையாளம் குறிப்பது, மாற்றுக் காண்பதற்குப் பொருளை அளித்து அதற்குப் பொறுப்பேற்றவரை; சுத்தியல் பிடித்த கையை அன்று.

இவ்வாறு கூறுதல் அம்மையார் பெருமையைக் குறைப்பதாகாது. அவர் கையால் தட்டினார் என்றோ தட்டிலர் என்றோ அம்முத்திரை சான்று பகராது. அது பகர்வது வேறொன்று. எழுத்தறியாக் கைம்பெண் ஒருவர், தலைநகரில் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், தம் பெயரால் வந்த வெள்ளியின் தூய்மைக்குச் சட்டத்தின்முன் தாமே விடை கூறி நின்றார் என்பதே அது. அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘ஹெஸ்டர் பேட்மன் செய்தது’ என்பதினும் ‘ஹெஸ்டர் பேட்மன் பட்டறையினது’ என்பதே பொருத்தமாம். அங்ஙனம் எழுதின், அம்மையார்க்கு உரிய பெருமையும் குறையாது. பெயர் தெரியாத பிற கைகளின் உழைப்பும் மறையாது.