வலை பிறந்த கதை – 14: எட்டு பேருக்குப் போன மின்னஞ்சல்

தமிழக அரசின் இணையதள முகவரியைக் கைபேசியில் தட்டுகிறீர்கள். டிஎன் டாட் கவ் டாட் இன். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினிகள் அதை வலப்பக்கத்திலிருந்து தேடத் தொடங்கும். முதலில் 'இன்' எங்கே என்று கேட்கும், அங்கே போய் 'கவ்' எங்கே என்று கேட்கும், பிறகுதான் 'டிஎன்'. உண்மையில் அந்த 'இன்'னுக்கும் வலப்பக்கத்தில் இன்னொரு புள்ளி உண்டு. அதை யாரும் தட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசிப் புள்ளிக்குத்தான் 'ரூட்' என்று பெயர். இணையத்தின் வேர் அது. காம், ஆர்க், இன், எல்கே என்று முகவரிகளின் கடைசியில் வரும் பெயர்கள் எந்தெந்தக் கணினிகளின் பொறுப்பில் இருக்கின்றன என்று சொல்லும் சின்னஞ்சிறு கோப்பு அங்கே இருக்கிறது.

அந்தக் கோப்பில் எழுதும் உரிமை யாருக்கு? ஏறக்குறைய 15 ஆண்டுகள், ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதரின் சொல்தான் அதில் முடிவு.

கலிஃபோர்னியாவில் 1943-இல் பிறந்தவர். நீண்ட தாடி, காலில் செருப்பு. 1969-இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முதல் செய்தியை அனுப்பியபோது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மாணவர். எந்தக் கணினிக்கு எந்த எண் என்று குறித்துவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். கணினிகளின் பெயர்ப் பட்டியல் வேறிடத்தில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவிடம் இருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமா? அலுவலக நேரத்தில் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு வரி சேர்ப்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பட்டியலை முழுதாக இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. போஸ்டல் கேட்டுக்கொண்டபடி பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் உருவாக்கியதுதான் நாம் மேலே பார்த்த, புள்ளிக்குப் புள்ளி கேட்டுப் போகும் முறை.

அதன் உச்சியில் இருந்த கோப்புக்குப் போஸ்டல் காவலரானார். எந்த நாட்டுக்கு எந்த இரண்டு எழுத்து என்று தீர்மானிக்கும் தலைவலியை அவர் தீர்த்த விதத்தைப் பாருங்கள். எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்வது எங்கள் வேலையில்லை என்று 1994-இல் எழுதிவைத்தார். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் பெயர் இருந்தால் எழுத்து உண்டு. இல்லையென்றால் இல்லை. எத்தனையோ எல்லைச் சண்டைகள் இணையத்தின் வேரில் வந்து மோதாமல் இந்த ஒரு விதி தடுத்தது. அரசியல் தெரிந்த ஒருவரால்தான் இவ்வளவு எளிய விதியை எழுத முடியும் என்பது என் எண்ணம்.

பணம் வந்ததும் நிலைமை மாறியது. பெயர்ப் பதிவு வேலை, அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. 1995-இல் அது ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வாங்கத் தொடங்கியது. வேரில் உள்ள கோப்பை உலகுக்கு வழங்கும் 13 ரூட் சர்வர்களில் தலைமையானதும் அந்த நிறுவனத்திடமே இருந்தது. மற்ற 12-ம் அதைப் பார்த்துத்தான் கோப்பைப் புதுப்பித்துக்கொள்ளும். வேர் யாருக்குச் சொந்தம் என்று வாஷிங்டன் விவாதித்துக்கொண்டிருந்தது.

1998 ஜனவரி 28. அரசு தன் யோசனைகளை வெளியிட இரண்டே நாள் இருந்தது. போஸ்டல் எட்டு ரூட் சர்வர் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இனி கோப்பை நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமிருந்து எடுக்காதீர்கள், என் கணினியிலிருந்து எடுங்கள் என்பதுதான் விஷயம். ஆணையிடும் பதவி எதுவும் அவருக்கில்லை. ஆனாலும் எட்டு பேரும் மாற்றினார்கள். அமெரிக்க ராணுவமும் நாசாவும் நடத்திய சர்வர்கள் பழைய இடத்திலேயே நின்றன. இணையத்தின் வேர் இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு கோப்புகளிலும் ஒரே விவரம்தான் என்பதால் உலகில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மேகஸினர் அப்போது டாவோஸில் இருந்தார். அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்துப் பழையபடி மாற்றச் சொன்னார். இது ஒரு சோதனைதான் என்றார் போஸ்டல். ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆனது.

அதைக் கலகம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சாவி எந்த அலுவலகத்தில் இருந்தாலும், சர்வர்களை நடத்துபவர்கள் யாரை நம்புகிறார்களோ அவரிடம்தான் வேர் இருக்கிறது என்பதை அவர் ஒரு சேதமும் இல்லாமல் காட்டினார். காட்டிவிட்டுத் திருப்பியும் கொடுத்தார். அந்த இரண்டாவது செயல் எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

தன் காலத்துக்குப் பிறகு இந்தப் பொறுப்பு ஓர் ஆளின் தோளில் இருக்கக் கூடாது என்று ஐகேன் என்ற அமைப்பை உருவாக்க அவரே உழைத்தார். அது 1998 செப்டம்பர் 30-இல் பதிவானது. அக்டோபர் 16-இல், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55. நண்பர் விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல், போஸ்டல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் தொகுத்துவந்த தொழில்நுட்ப ஆவண வரிசையிலேயே, 2468 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்க அரசு வேரின் மீதிருந்த மேற்பார்வையை விட்டுக்கொடுக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின. அதற்காக ஐகேனுடன் வைத்திருந்த ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. ரூட் சர்வர்களின் பெயர்கள் இன்றும் 13-தான். அவற்றின் நகல்கள் உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்குகின்றன, சென்னை உட்பட. போஸ்டல் காத்த கோப்பில் இன்று 1,400-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 2010, 2011 ஆண்டுகளில் சேர்ந்த மூன்றை நாம் தமிழ் எழுத்திலேயே தட்டலாம்: இலங்கை, இந்தியா, சிங்கப்பூர்.

(தொடரும்)